தீபத்துக்கு நேர் வடக்கே

கார்த்திகை தீபத்தன்று மாலையில் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் பாதகமில்லை. செங்கம் பக்கமோ, போளூர் பக்கமோ உள்ள ஓர் ஊரில் மொட்டை மாடியில் ஏறி நின்றாலே போதும். அடிவானத்தில் ஒரு செம்மஞ்சள் பொட்டு தெரியும். மலையுச்சியில் ஒரு கொப்பரையில் எரியும் நெருப்புதான் அது. சமவெளியில் வைத்திருந்தால் நாலைந்து தெருவுக்கு அப்பால் அதைக் கண்டிருக்க முடியாது. உயரத்தில் வைத்ததால் ஊர் ஊராகத் தெரிகிறது.

எவ்வளவு தூரம் தெரியும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளக்கு நிற்கும் உயரத்தை மீட்டரில் எழுதுங்கள். அதன் வர்க்கமூலத்தைக் கண்டு 3.57 ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கிலோமீட்டரில் தூரம். பூமி உருண்டையாக இருப்பதால் அதற்கு அப்பால் விளக்கு அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2,668 அடி. சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 24.5. விடை 87 கிலோமீட்டர். தூசியும் மரங்களும் குறுக்கே வராவிட்டால் அவ்வளவு தூரத்திலிருந்தும் தீபத்தைப் பார்க்கலாம். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள்; நமக்கு மறுபடியும் வேண்டியிருக்கும்.

இப்போது பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தை எடுத்து, திருவண்ணாமலையிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுங்கள். ஊர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகைக்கு மிக அருகில். கோடு புறப்பட்டதும் ஜவ்வாது மலையைத் தாண்டும். அங்கே சற்று மேற்கே ஒதுங்கி, நம் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் இருப்பது காவலூர் வானாய்வு நிலையம். மேலே போனால் நாகபுரி. அதற்கும் மேலே கேதாரநாத். பிறகு இமயத்தைத் தாண்டி, லடாக்கின் தென்கிழக்கு மூலையில் ஹான்லே என்ற சிற்றூர். கடல் மட்டத்துக்கு மேல் 4,500 மீட்டர் உயரத்தில், மரமில்லாத குளிர்ப் பாலைவனத்தில் இருக்கிறது. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே அங்கும் ஒரு நிலையத்தை நடத்துகிறது. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. திருவண்ணாமலைக்கும் ஹான்லேக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 2,280 கிலோமீட்டர். இந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இரவு, ஹான்லேயின் வட அடிவானத்துக்கு மேல் வானம் சிவந்தது. நிலையத்தில் வானம் முழுவதையும் ஒரே வட்டமாகப் படமெடுக்கும் காமிராக்கள் உண்டு. இரவு முழுதும் அவை எடுத்த படங்களில் வடக்கு ஓரமாகச் செந்நிறம் தெளிவாகப் பதிந்திருந்தது. வெறுங்கண்ணுக்கு அது எளிதில் பிடிபடாத அளவு மங்கல். அந்தச் செவ்வொளி, நார்வேயிலும் கனடாவிலும் காணும் துருவ ஒளியின் உறவுதான். ‘அரோரா’ என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள்.

துருவ ஒளி துருவத்தில்தானே தெரிய வேண்டும்? லடாக்கில் அதற்கு என்ன வேலை?

சூரியனிலிருந்து எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் எந்நேரமும் காற்றுப்போல் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றை நேராக உள்ளே விடுவதில்லை. ஆனால் அவற்றால் அந்தப் புலம் கலங்குகிறது. அதில் அகப்பட்ட எலெக்ட்ரான்கள் முடுக்கம் பெற்று, காந்தக் கோடுகள் வழியே வழுக்கிக்கொண்டு துருவப் பகுதிகளில் வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் வந்து மோதுகின்றன. அடிபட்ட ஆக்ஸிஜன் அணு வாங்கிய ஆற்றலை ஒளியாக வெளியிடுகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஒளி பச்சை. அதன் அலைநீளம் 557.7 நானோமீட்டர். 200 கிலோமீட்டருக்கும் மேலே சிவப்பு, 630 நானோமீட்டர்.

ஒரே அணுவிலிருந்து ஏன் இரண்டு நிறம் என்று கேட்பீர்கள். சிவப்பு ஒளியை விட, கிளர்ச்சியுற்ற அணு ஏறக்குறைய இரண்டு நிமிடம் யாரும் தொடாமல் சும்மா இருக்க வேண்டும். கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால், அதற்குள் வேறு மூலக்கூறு வந்து இடித்து ஆற்றலைப் பறித்துக்கொண்டு போய்விடும். மேலே நெரிசல் இல்லை. பச்சைக்கோ ஒரு வினாடிகூட வேண்டாம். அதனால்தான் கீழ்மாடியில் பச்சையும் மேல்மாடியில் சிவப்பும்.

இனி தீபக் கணக்குக்கு வருவோம். 100 கிலோமீட்டர் என்பது 1,00,000 மீட்டர். வர்க்கமூலம் 316. 3.57 ஆல் பெருக்கினால் 1,130 கிலோமீட்டர். பச்சை ஒளி அவ்வளவு தூரம்தான் தெரியும். சிவப்பு ஒளி 400 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால்? 2,260 கிலோமீட்டர். இரு மடங்கு! தொலைவில் எங்கோ பச்சையும் சிவப்புமாக ஆடும் திரையின் மேல்விளிம்பு மட்டும் நமக்குத் தெரிகிறது. கீழ்ப்பாதி பூமியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தாழ்ந்த அட்சரேகைகளில் துருவ ஒளி எப்போதும் சிவப்பாகவே தெரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2024 மே மாதத்தில், 13664 என்று எண்ணிடப்பட்ட ஒரு பெரிய சூரியப் புள்ளிக் கூட்டம் அடுத்தடுத்துப் பல வெடிப்புகளை நிகழ்த்தியது. அவை வீசியெறிந்த பிளாஸ்மா மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 10ஆம் தேதி பூமியை வந்து தாக்கின. 2003ஆம் ஆண்டுக்குப் பின் அவ்வளவு கடுமையான காந்தப் புயல் வந்ததில்லை. ஒளி துருவ வட்டத்தைவிட்டு வெகுதூரம் தெற்கே இறங்கியது. ஹான்லேயில் பதிந்ததை ‘நிலைத்த செவ்வொளி வில்’ என்று நிறுவனத்தார் அறிவித்தார்கள். இதில் எலெக்ட்ரான்கள் மேலிருந்து மழையாகப் பெய்வதில்லை. பூமியைச் சுற்றி வளையமாக ஓடும் மின்னோட்டத்தின் வெப்பம் கீழே கடத்தப்பட்டு, அயனி மண்டலத்து எலெக்ட்ரான்களைச் சூடாக்குகிறது. சூடான எலெக்ட்ரான்கள் ஆக்ஸிஜனைக் கிளப்பிவிட, அதே 630 நானோமீட்டர் சிவப்பு பிறக்கிறது.

நம் பக்கத்துக்கு ஒரு வஞ்சனையும் உண்டு. பூமியின் காந்தத் துருவம் கனடாப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே ஹான்லே 33ஆவது அட்சரேகையில் இருந்தாலும், காந்தக் கணக்குப்படி அதன் இடம் 24, 25 பாகைதான். அதே அட்சரேகையில் உள்ள அமெரிக்க ஊர்க்காரருக்குக் கிடைக்கும் வாய்ப்பு லடாக்கியருக்குக் கிடைப்பதில்லை. திருவண்ணாமலையின் கதியோ இன்னும் மோசம்: காந்தக் கணக்கில் 4 பாகை அளவே!

அப்படியானால் இந்தியாவில் துருவ ஒளி தெரிந்தது 2024இல்தான் முதல் தடவையா என்றால், இல்லை. 2023 ஏப்ரலிலும் ஹான்லேக் காமிரா ஒன்று அதைப் பிடித்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, பம்பாயில் சூரியன் மறைந்த பின் மக்கள் துருவ ஒளியைக் கண்டார்கள். இது கட்டுக்கதை அன்று. செய்தித்தாளில் வந்தது. கொலாபா ஆய்வகத்தின் காந்தப் பதிவுகள் அன்று நிலைகுலைந்தன. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பியில் மணிக்கணக்காகச் செய்தி போக்குவரத்து தடைப்பட்டது. பம்பாயோ ஹான்லேக்கு எவ்வளவோ தெற்கே, 19ஆவது அட்சரேகையில் இருக்கிறது.

அன்று யாராவது ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறதல்லவா? பம்பாயில் அப்போது புகைப்பட நிலையங்கள் இருந்தன. ஆனாலும் எடுத்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். வெயிலில் உட்காரும் மனிதனையே சில வினாடிகள் அசையாதே என்று சொல்ல வேண்டிய நிலை. இரவு வானத்து மங்கல் ஒளி அந்தத் தகட்டில் ஒட்டவே ஒட்டாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அன்றைய தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது! வெள்ளி உப்புகள் நீல, ஊதா ஒளிக்கே மசியும். இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு வேலை செய்தார்களே, அது இந்தக் குறையைப் பயன்படுத்திக்கொண்டதுதான். ஹெர்மன் ஃபோகெல் என்ற ஜெர்மானியர் சாயங்களைக் கலந்து தகட்டுக்குப் பிற நிறங்களைக் காணக் கற்பிக்கலாம் என்று கண்டுபிடித்தது 1873இல். பம்பாய் வானம் சிவந்ததற்கு மறு ஆண்டு! எல்லா நிறமும் காணும் தகடுகள் கடைக்கு வர இருபதாம் நூற்றாண்டே பிறக்க வேண்டியிருந்தது.

துருவ ஒளி தினமும் தெரியும் நாடுகளிலேயே அதைப் படம் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சோபஸ் டிராம்ஹோல்ட் என்ற டென்மார்க்குக்காரர், ஒரு பள்ளி ஆசிரியர். 1882இல் நார்வேயின் வட கோடிக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுவதும் காமிராவோடு காத்திருந்தார். ஒளி வந்தது, படம் வரவில்லை. மனிதர் அந்தக் காமிராவை அங்கிருந்த சாமி இன மக்கள் பக்கம் திருப்பினார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது அந்த முகப்படங்களால்தான். உலர் தகடுகள் மேம்பட்ட பின், 1892இல், மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் தம் தோழர் ஓட்டோ பாஷினுடன் நார்வேயின் போசெகாப்பில் தெளிவான முதல் படங்களை எடுத்தார். அக்காலத் தகடுகளில் பெரும்பாலும் பதிந்தது கண்ணைக் கவரும் பச்சை அன்று. நைட்ரஜன் விடும் ஊதா ஒளிதான் முந்திக்கொண்டது. கண் ஒன்றைப் பார்க்க, தகடு வேறொன்றைப் பார்த்தது!

அடுத்து வந்த கார்ல் ஸ்டார்மரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்லோவில் கணிதப் பேராசிரியர். மாணவராக இருந்த நாளில் உள்சட்டையில் சிறு காமிராவை ஒளித்துவைத்துக்கொண்டு, தெருவில் போவோரை அவர்கள் அறியாமல் படமெடுத்த குறும்புக்காரர். பிற்காலத்தில் அந்தக் கை துருவ ஒளிக்குப் பயன்பட்டது. 1910இல் போசெகாப்புக்குச் சென்ற அவர், இரண்டு இடங்களில் காமிராக்களை நிறுத்தி, இரண்டையும் தொலைபேசியால் இணைத்தார். “இப்போது!” என்றவுடன் இரண்டிலும் ஒரே கணத்தில் படம். பின்னணியில் அதே நட்சத்திரங்கள். ஆனால் ஒளியின் நிலை இரண்டு படங்களிலும் சற்று விலகித் தெரியும். உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். அதே விலகல்தான். அதை அளந்து முக்கோணக் கணக்கால் உயரத்தைக் கண்டார். துருவ ஒளி மலைத் தலைக்கு மேலேயே ஆடுகிறது, அதன் ஓசை கேட்கிறது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதன் கீழ்விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது என்று ஆயிரக்கணக்கான படங்களால் நிலைநாட்டினார். சற்று முன் நாம் போட்ட கணக்கில் 100 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

என்னைக் கேட்டால், துருவ ஒளிப் படங்களிலெல்லாம் பெறுமதி மிக்கவை ஸ்டார்மரின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களே என்பேன். அழகு அவற்றில் குறைவு. அளக்க முடிகிறது என்பதுதான் அவற்றின் பெருமை.

இந்தியாவில் அந்த அளவைப் பணியைச் செய்தது காமிரா அன்று, காந்த ஊசி. 1859 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் நடுவே வெண்ணிற மின்னல்போல் ஒன்றைக் கண்டார். ஒரு நாள்கூட ஆகவில்லை, உலகெங்கும் தந்திக் கம்பிகள் தாறுமாறாயின. வெப்பமண்டல நாடுகள்வரை துருவ ஒளி தெரிந்தது. அந்த வேளையில் பம்பாய்க் கொலாபாவில் ஆய்வக ஊழியர்கள் காந்தக் கருவியின் முன் உட்கார்ந்து, ஊசியின் நிலையைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். புயல் முற்றியபோது சில நிமிடங்களுக்கு ஒரு முறை எழுதினார்கள். காந்தப்புலத்தின் கிடைக்கூறு ஏறக்குறைய 1,600 நானோடெஸ்லா சரிந்ததாக அந்த ஏடு காட்டுகிறது. 2024 மே புயலின் உலக அளவுகோல் எண் ஏறக்குறைய 400தான். இரண்டும் ஒரே வகை அளவு அல்ல என்றாலும் ஒப்பு நோக்க உதவும். அந்த மாபெரும் புயலின் கடுமையை இன்று மதிப்பிடுவோர் முதலில் தேடிப் போவது கொலாபா ஏட்டைத்தான். அதை எழுதியவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் பங்கு வேறு வகையானது. துருவ ஒளியை இங்கிருந்து படமெடுக்க வழியில்லை. ஆனால் அதன் வேரைப் படமெடுக்கலாம். 1899இல் நிறுவிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படம்பிடித்து வருகிறது. அங்கே 1909இல் சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தார். நூறாண்டுக் கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் இப்போது கணினியில் ஏறியிருக்கின்றன. எந்த ஆண்டில் எத்தனை புள்ளிகள், எவ்வளவு பெரியவை என்று ஒரு மாணவர்கூட இன்று புரட்டிப் பார்க்கலாம். 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஏவிய ஆதித்யா-எல்1 விண்கலம் அதே வேலையைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று செய்கிறது. 2024 ஜனவரியில் அது தன் இடத்தை அடைந்தது. மே புயல் நான்கு மாதத்தில் வந்தது.

மறுபடி ஹான்லேக்குப் போவோம். அங்கிருந்த காமிரா துருவ ஒளிக்காக வைத்ததன்று. தொலைநோக்கிக்காரர்களுக்கு மேகம் வருகிறதா என்று தெரிய வேண்டும். அதற்காக, மீன்கண் வில்லை பொருத்திய காமிராவை மேல்நோக்கி நிறுத்தி, வானம் முழுவதையும் விட்டுவிட்டுப் படமெடுப்பார்கள். காவல்காரன் கண்ணில் விருந்தாளி பட்டதுபோல் செவ்வொளி அதில் அகப்பட்டது. இருட்டில் நம் கண்ணில் வேலை செய்பவை கோல் செல்கள். அவற்றுக்கு 630 நானோமீட்டர் சிவப்பு ஏறக்குறைய இருட்டுக்குச் சமம். காமிராவின் சில்லுக்கு அந்தக் குறை இல்லை. மேலும் கண் ஒரு நொடியில் பார்த்ததை அடுத்த நொடி மறந்துவிடும். சில்லோ வினாடிக்கணக்கில் விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும். டிராம்ஹோல்ட் ஏங்கிய இரண்டும், வேகமும் நிறமும், கடைசியில் மேகம் பார்க்கும் காமிராவுக்கு வாய்த்தன.

ஆனால் படத்தில் சிவப்பு இருந்தால் மட்டும் போதாது. ஊர் விளக்குகள், காட்டுத் தீ, மேகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எல்லாமே சிவப்பாகத் தோன்றக்கூடும். அது துருவ ஒளிதானா என்று பார்க்க வழி உண்டு. பின்னால் நட்சத்திரங்கள் தெரிகின்றனவா? அதே நேரத்தில் வேறு ஊரிலும் பதிந்ததா? காந்தமானிகள் அப்போது ஆடினவா? ஒளியைப் பகுத்தால் 630 நானோமீட்டர் வருகிறதா? இவற்றில் எதுவும் இல்லாமல் செல்பேசிப் படத்தை மட்டும் நீட்டினால் ஸ்டார்மர் சிரித்திருப்பார்.

இருட்டு இல்லாவிட்டால் இந்தச் சோதனைகளுக்கே இடமில்லை. ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதியை 2022இல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்தார்கள். ஊர் விளக்குகளுக்கு மறைப்புப் போட வேண்டும். வெளிச்சம் வானத்தை நோக்கிப் போகக் கூடாது. ஊராரும் அதற்கு ஒத்துழைக்கிறார்கள். காவலூர் நிலையத்தை வைணு பாப்பு ஜவ்வாது மலைக்காட்டில் 1960களின் இறுதியில் தொடங்கியதும் இருளைத் தேடித்தான். சுற்றுப்புற ஊர்களின் வெளிச்சம் அந்த வானத்தையும் ஆண்டுதோறும் வெளுக்க வைக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருவண்ணாமலையிலிருந்து எப்போதாவது தெரியுமா? செவ்வொளி தெரியும் எல்லை 2,260 கிலோமீட்டர். ஹான்லே இருப்பது 2,280 கிலோமீட்டரில். ஆகவே, ஹான்லேக்காரர் தலையை அண்ணாந்து பார்க்கும் நேர் உச்சியில் சிவப்பு நின்றால்தான், அது நமக்கு வட அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். 2024இல் அது அவர்களுக்கே வடக்குப் பக்கமாகத்தான் நின்றது. 1872 போன்ற புயல் ஒன்று வேண்டும். அதுவும் இரவில் வர வேண்டும். மழையும் நிலவும் இல்லாத இரவாக இருக்க வேண்டும்.

அப்படி ஓர் எச்சரிக்கை செய்தியில் வந்தால், ஊர் வெளிச்சத்தை விட்டு ஜவ்வாது மலைப் பக்கம் போய்விடுங்கள். காமிராவை முக்காலியில் நிறுத்துங்கள். வில்லையை முழுதும் திறந்து, தொலைவை முடிவிலிக்கு வைத்து, 20 வினாடி ஒளி விடுங்கள். வடக்கைக் காட்டத் துருவ நட்சத்திரம் இருக்கிறது. ஹான்லேயில் அது 33 பாகை உயரத்தில் நிற்கும். நமக்கு 12 பாகையில், கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின்மேல் வைத்தால் முஷ்டிக்குச் சற்று மேலே நிற்கும். அந்த முஷ்டி மறைக்கும் சிறு துண்டு வானத்தைத்தான் நீங்கள் படமெடுக்க வேண்டும்.